"குரல் நின்னுடுச்சு, ஆனா தம்பி எழுந்திருக்கவே மாட்டேங்கிறான்"

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 24 வயது. ஏழு மாதத்துக்கு முன் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், என்று டாக்டர் சொன்னார். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் காதில் கேட்ட குரல்களும், எதிர்வீட்டுக்காரர்கள் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற பயமும் போய்விட்டன. வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள். ஆனால் கடந்த மூன்று மாதமாக அவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. சொன்னால் குளிக்கிறான், சொன்னால் சாப்பிடுகிறான். போன வாரம் ஒருமுறை, "இனிமே நான் என்னக்கா ஆகப் போறேன்" என்றான். அப்பா சோம்பல் என்கிறார். சித்தப்பா, மாத்திரைதான் ஆளை இப்படி ஆக்கிவிட்டது, நிறுத்துங்கள் என்கிறார். பாட்டி, ஒரு கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். யார் சொல்வது சரி?

நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளர். மருந்து எழுதுவது என் வேலை கிடையாது. எழுதிய மருந்து வீட்டுக்குப் போன பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் தம்பியை நேரில் பார்க்காமல் அவருக்கு இன்னதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னென்ன பார்க்க வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் பார்க்க வேண்டியது அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை. அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் "அப்படியெல்லாம் பேசாதடா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள். பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை உங்களிடம் எடுக்க மாட்டார்.

மனச்சிதைவு நோய் வந்தவர்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேர் தற்கொலையால் இறக்கிறார்கள். பழைய பாடப்புத்தகங்களில் 10 சதவீதம் என்று இருக்கும்; பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 5க்குப் பக்கத்தில் வந்தது. எண்ணைவிட அது எப்போது நடக்கிறது என்பது முக்கியம். நோய் தெரியவந்த முதல் சில வருடங்களில்தான் அபாயம் அதிகம். அதிலும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரங்கள், மாதங்கள். இளவயது ஆண்கள், படித்தவர்கள், நோய்க்கு முன் தங்களைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வைத்திருந்தவர்கள், தங்களுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று நன்றாகப் புரிந்துகொண்டவர்கள், இனி ஒன்றுமில்லை என்று பேசத் தொடங்கியவர்கள்: இவர்களைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர் குரல் கேட்டுக் கத்திக்கொண்டிருந்த நாட்களில் ஆள் மாற்றி ஆள் காவல் இருந்திருப்பீர்கள். சத்தமில்லாமல் படுத்திருக்கிற இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் கணக்கு நேர் எதிராக இருக்கிறது.

அதனால் நேராகக் கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "செத்துடலாம்னு எப்பவாவது தோணுதாடா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே புகுத்தியதாகிவிடும் என்று பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை, அந்த எண்ணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிபவருக்கு யாரோ ஒருவர் கேட்டதே பெரிய ஆறுதல். இன்னொன்றும் கேளுங்கள்: குரல் திரும்பக் கேட்கிறதா, அது சாகச் சொல்கிறதா என்று. இரண்டில் எதற்கு "ஆமாம்" என்று பதில் வந்தாலும் புத்திமதி சொல்லாதீர்கள், தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். மாத்திரைகள் உங்கள் கைவசம் இருக்கட்டும். வீட்டில் விவசாயம் இருந்தால் பூச்சிமருந்தை இன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டின் 104, தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சினேகாவின் 044-24640050 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு 1926. ஏற்கெனவே ஒருமுறை முயன்றிருந்தால்கூட போலீஸ் கேஸ் ஆகுமே என்று மறைக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது.

அப்பா சொல்லும் சோம்பல் பற்றி இனிப் பேசலாம்.

இந்த நோயில் குரல்களும் சந்தேகங்களும் அடங்கிய பிறகு ஒரு சோர்வு வருவது மருத்துவ உலகுக்குப் புதிது கிடையாது. ஜெர்மனியில் மயர்-கிராஸ் என்ற மருத்துவர், கடும் மனநோயிலிருந்து வெளியே வருபவர்களுக்கு ஏற்படும் எதிர்காலம் குறித்த விரக்தியை 1920இலேயே எழுதியிருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் இதற்குத் தனிக் குறியீடே இருந்தது, எஃப் 20.4. பதினோராம் பதிப்பில் அந்தத் தனிப்பெயரை எடுத்துவிட்டு, மனச்சிதைவு உள்ள ஒவ்வொருவருக்கும் சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்று தனியாகக் குறிக்கும்படி மாற்றினார்கள். எந்த ஒரு நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் சுமார் நால்வரில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க மனச்சோர்வு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. புதிதாக நோய் தெரியவந்தவர்களை மட்டும் எடுத்தால் இன்னும் கூடும். பர்மிங்ஹாமில் மேக்ஸ் பர்ச்வுட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கடும் நோய் அடங்கிய ஒரு வருடத்துக்குள் மூன்றில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வில் விழுந்திருந்தார்கள். குரல்கள் திரும்ப வராமலேயே.

ஆக இது நடக்கக்கூடியது, அடிக்கடி நடப்பது. ஆனால் "அறையை விட்டு வரமாட்டேங்கிறான்" என்ற ஒரே காட்சிக்குப் பின்னால் நாலைந்து வெவ்வேறு விஷயங்கள் இருக்கலாம். எது என்று பிரிக்காமல் செய்கிற எதுவும் பலன் தராது. பத்து நிமிட ஓபியில் இது பிரிபடாமல் போவதுதான் இந்தத் துறையில் என்னுடைய பெரிய மனக்குறை.

ஒன்று, நோயின் ஒரு பகுதியாகவே வருவது. இல்லாத குரல் கேட்பது, இல்லாத பகை தெரிவது என்று நோய் புதிதாகச் சேர்ப்பவை ஒரு பக்கம். ஆர்வம், பேச்சு, முகபாவம், மனிதர்களோடு இருக்கும் விருப்பம் என்று அது எடுத்துக்கொள்பவை இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகையை எதிர்மறை அறிகுறிகள் என்பார்கள். குரல்களுக்கு வேலை செய்யும் மாத்திரை இவற்றுக்குக் குறைவாகவே வேலை செய்யும். அப்பாவுக்குச் சோம்பலாகத் தெரிவது இதுவாக இருக்கலாம். மனிதன் எழுந்து ஒரு காரியத்தைத் தொடங்க மூளையில் நடக்க வேண்டிய தூண்டுதல் இந்த நோயில் குறைந்துபோகிறது. மனசு வைத்தால் எழுந்துவிடலாம் என்கிறோம்; அந்த மனசை வைப்பதே அவரால் முடியாமல் போயிருக்கிறது. இப்படி இருப்பவர்கள் பெரும்பாலும் துக்கமாக இருப்பதில்லை. கேட்டால் "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும்.

இரண்டு, மருந்தின் வேலை. சித்தப்பா சொல்வதில் உண்மை இருக்கலாம் என்றால் இங்கேதான். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுத்துத்தான் குரல்களை அடக்குகின்றன. அளவு கூடினால் உடம்பின் அசைவே மந்தமாகும். நடக்கும்போது கை வீசாது, முகத்தில் சிரிப்பு வராது, வாயில் எச்சில் நிற்கும், கை லேசாக நடுங்கும். பார்ப்பவர்களுக்கு அது சோகமாகத் தெரியும். ஓலான்சபின் போட்டால் தூக்கமும் பசியும் கூடி, சில மாதத்தில் பத்து கிலோ ஏறிவிடுபவர்கள் உண்டு. இளைஞனுக்குத் தன் உருவமே பிடிக்காமல் போகும். ரிஸ்பெரிடோனிலும் அமிசல்பிரைடிலும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடலாம். அதனால் ஆண்களுக்குப் பாலியல் நாட்டம் குறையலாம், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். இதை அக்காவிடமோ அம்மாவிடமோ எந்தப் பையனும் சொல்ல மாட்டான். டாக்டரிடம் அவர் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுங்கள், நீங்கள் வெளியே உட்காருங்கள்.

மருந்தால் வருவதில் அவசரமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அகதீசியா என்று பெயர். உட்கார்ந்தால் உட்கார முடியாது, நின்றால் நிற்க முடியாது, கால் மாற்றிக் கால் மாற்றி, அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடப்பார்கள். உள்ளுக்குள் தோலை உரித்துக்கொண்டு ஓடிவிடலாம் போல இருக்கிறது என்று விவரிப்பார்கள். வீட்டார் இதைப் பதற்றம் என்றோ, நோய் திரும்புகிறது என்றோ நினைத்து டாக்டரிடம் சொல்வார்கள். மருந்தைக் கூட்டினால் இது இன்னும் மோசமாகும். தற்கொலை எண்ணத்தோடு இதைச் சேர்த்து மருத்துவர்கள் கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. மருந்தின் அளவைக் குறைத்தோ, மாற்றியோ, ப்ரொப்ரனோலால் போன்ற மாத்திரை சேர்த்தோ பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று, நிஜமான மனச்சோர்வு நோய். இதில் வெறுமை மட்டும் இருக்காது, வலி இருக்கும். காலையில் எழும்போது மோசமாக இருந்து சாயங்காலம் கொஞ்சம் தேறும். விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். தன்னால்தான் குடும்பத்துக்குக் கஷ்டம் என்ற குற்றவுணர்ச்சி, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், நம்பிக்கை இல்லாத பேச்சு. இப்படிப்பட்டவற்றை வைத்துத்தான் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஆடிங்டனும் சக ஆய்வாளர்களும் 1990இல் ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். ஒன்பதே அம்சங்கள். அதற்கு முன்பிருந்த அளவுகோல்களில் தூக்கம், எடை, மந்தமான அசைவு எல்லாம் மதிப்பெண் பெறும். மனச்சிதைவு உள்ளவருக்கு இவையெல்லாம் நோயாலும் மருந்தாலுமே வரும் என்பதால் எல்லோரும் மனச்சோர்வு உள்ளவர்களாகத் தெரிவார்கள். கால்கரி அளவுகோல் அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. உங்கள் டாக்டரிடம் "கால்கரி ஸ்கேல் போட்டுப் பார்க்க முடியுமா" என்று கேட்பதில் தவறே இல்லை. பத்துப் பதினைந்து நிமிட வேலை. அங்கே உளவியலாளர் இருந்தால் அவரே செய்துவிடுவார்.

இவற்றோடு, உடம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்: தைராய்டு, ரத்தசோகை, பி12, சர்க்கரை. கஞ்சாவோ குடியோ உள்ளே நுழைந்திருக்கிறதா என்றும். இவை சாதாரணமானவை, ஆனால் மனநோய் என்று சீட்டில் எழுதிவிட்ட பிறகு பலரும் தேடுவதில்லை. இன்னொன்று, புதிதாக வரும் சோர்வும் தூக்கம் கெடுவதும் சிலருக்கு அடுத்த தாக்குதலின் முன்னறிவிப்பாகவும் இருக்கும். தம்பிக்கு முதல்முறை நோய் வருவதற்கு முந்தைய மாதங்களை யோசித்துப் பாருங்கள். அப்போதும் இப்படி ஒதுங்கித்தான் இருந்தார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக உள்ளதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அது எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது.

ஏழு மாதத்தில் உங்கள் தம்பி எதையெல்லாம் இழந்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். வேலை போயிருக்கும். கூடப் படித்தவர்கள் பெங்களூருவிலும் வெளிநாட்டிலும் இருந்து போடும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அறைக்குள் படுத்துக்கொண்டு பார்த்திருப்பார். யாரிடமும் சொல்லாதே என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள், நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அவர் காதில் அது "உனக்கு வந்திருப்பது வெளியே சொல்ல முடியாத அசிங்கம்" என்றுதான் விழுந்திருக்கும். அதைவிட ஒன்று உண்டு. நோயின் உச்சத்தில் நடந்ததெல்லாம் அவருக்கு மறந்துவிடவில்லை. அம்மா சாப்பாட்டில் விஷம் வைத்தாள் என்று தட்டை வீசியது, எதிர்வீட்டு வாசலில் நின்று கத்தியது, ஆபீஸ் மேனேஜருக்கு நடுராத்திரியில் அனுப்பிய மெசேஜ்கள், நாலு பேர் பிடித்து ஆட்டோவில் ஏற்றியது. இப்படி ஏதாவது எல்லோருக்கும் இருக்கும். குணமான பிறகு வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதே மன்னிப்பு என்று வீட்டார் நினைக்கிறார்கள். அவரோ எல்லோரும் அதை நினைத்துக்கொண்டுதான் தன்னைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, வெளியே வந்தால் எதிர்வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று உள்ளேயே இருக்கிறார்.

பர்ச்வுட் குழுவின் ஆய்வில் பிற்பாடு மனச்சோர்வில் விழுந்தவர்கள் பேசியது பெரும்பாலும் இதைத்தான்: இழந்துவிட்டேன், அவமானப்பட்டுவிட்டேன், இந்த நோயில் மாட்டிக்கொண்டேன், வெளியே வர வழியில்லை. எங்கள் துறையில் உள்ளவர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. நோய் இருப்பதை ஒத்துக்கொண்டால்தான் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவார்கள் என்று, "உனக்கு நோய் இருக்கு" என்று பாடுபட்டுப் புரிய வைக்கிறோம். புரிந்துவிட்டது என்றதும் சீட்டில் நல்ல முன்னேற்றம் என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். அவர் அந்தப் புரிதலோடு வீட்டுக்குப் போய் யூடியூபில் ஸ்கிசோஃப்ரினியா என்று தேடுகிறார். அங்கே அவருக்குக் கிடைப்பது சினிமா கொலைகாரர்களும் சங்கிலியில் கட்டிய மனிதர்களும். நோய் இருப்பதைப் புரிந்துகொண்டவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இந்த நோய் வந்தால் அவ்வளவுதான் என்ற ஊர்ப்பேச்சைத் தாங்களும் நம்பிவிட்டவர்களிடம் அது இன்னும் அதிகம்.

அந்த ஊர்ப்பேச்சு தவறு என்று சொல்ல வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. சென்னையில் 1981-82இல் முதல்முறையாக இந்த நோய் வந்த 90 பேரை டாக்டர் ஆர். தாராவும் சக மருத்துவர்களும் இருபது வருடங்களுக்கு மேலாகத் தொடர்ந்து கவனித்தார்கள். உலக அளவில் மெட்ராஸ் ஆய்வு என்று பேசப்படுவது அது. இடைவிடாமல் நோயிலேயே இருந்தவர்கள் சிறு பகுதியினர்தான். பெரும்பாலோருக்கு நோய் வருவதும் அடங்குவதுமாக இருந்தது, அடங்கிய காலங்களில் வேலையும் குடும்பமும் நடந்தன. எல்லோரும் முழுதாகக் குணமானார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். ஆனால் 24 வயதில் "இனிமே ஒண்ணுமில்ல" என்று முடிவுகட்ட அந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை. இதை உங்கள் தம்பியிடம் இதே வார்த்தைகளில் சொல்லலாம். "எல்லாம் சரியாயிடும்டா" என்பதைவிட அவர் இதை நம்புவார்.

மாத்திரையை நிறுத்தலாமா? கூடாது. நியூயார்க்கில் முதல்முறை நோய் வந்தவர்களைப் பின்தொடர்ந்து 1999இல் வெளிவந்த ஆய்வில், ஐந்து வருடத்துக்குள் சுமார் 80 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த அபாயம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. நிறுத்திய மறுநாளே எதுவும் நடக்காது, இரண்டு மாதம் ஆள் தெளிவாகக்கூட இருப்பார், சித்தப்பாவும் பார்த்தாயா என்பார். அதற்கப்புறம் வரும் தாக்குதல், இன்னும் மிச்சமிருக்கும் வேலை வாய்ப்பையும் தன்னம்பிக்கையையும் கொண்டுபோகும். ஆனால் நிறுத்துவது வேறு, மாற்றச் சொல்வது வேறு. அளவு குறைக்க முடியுமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று கேட்பது உங்கள் உரிமை. மருந்தால் வந்த மந்தம் என்றால் அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

நிஜமான மனச்சோர்வு என்று டாக்டர் முடிவு செய்தால், இருக்கிற மருந்தோடு மனச்சோர்வுக்கான மாத்திரை ஒன்றைச் சேர்ப்பார். 1987இல் அமெரிக்காவில் சாமுவேல் சிரிஸ் இமிப்ரமின் என்ற பழைய மருந்தை இப்படிச் சேர்த்துக் கொடுத்துப் பலன் இருப்பதைக் காட்டினார். இப்போது பெரும்பாலும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். பலன் மிதமானதுதான், மாயம் ஒன்றும் நடக்காது. பக்கத்து வீட்டில் யாரோ சாப்பிடுகிறார்கள் என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஃப்ளூஆக்சடின் ரிஸ்பெரிடோனின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும், சில மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இதயத் துடிப்பைப் பாதிக்கும். தற்கொலை எண்ணம் விடாமல் இருப்பவர்களுக்கு க்ளோசபின் என்ற மருந்து இருக்கிறது. இந்த நோயில் தற்கொலை முயற்சிகளைக் குறைப்பதற்கென்றே 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அது. ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்பதால் முதல் மருந்தாகத் தர மாட்டார்கள். நிலைமை மிக மோசமானால் மின்னதிர்வு சிகிச்சையும் உண்டு. சினிமாவில் காட்டுவது போலக் கட்டிவைத்துக் கொடுப்பது கிடையாது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கொடுப்பதை 2017 சட்டம் தடைசெய்திருக்கிறது.

மருந்தில்லாத சிகிச்சையில், மனநோய்க்கென வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் சிகிச்சைக்கு, நல்ல இடம் இருக்கிறது. குறைந்தது 16 அமர்வுகள் என்று பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்கிறது. நம்மூரில் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய, மனச்சிதைவு நோய்க்கான அமைப்பான சென்னை ஸ்கார்ஃப், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் உளவியலாளர்களும் மறுவாழ்வுப் பிரிவும் இருக்கின்றன. தூரம் என்றால், உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சமூகப் பணியாளர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது. 1972இல் லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் மற்றவர்களும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். குறைசொல்லும், அல்லது அளவுக்கு மீறித் தாங்கும் உறவினர்களோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. சண்டிகரில் 1980களில் அதே முறையில் பார்த்தபோது, லண்டனைவிட அங்கே குடும்பங்கள் குறைசொல்வது குறைவாகவே இருந்தது. நம் குடும்பங்களின் அந்த நல்ல குணத்தை அப்பாவின் "சோம்பேறி" கெடுத்துவிட வேண்டாம். அவரோடு வாதம் செய்யாதீர்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்க அவரையும் கூட்டிப் போங்கள். அம்மா ஊட்டிவிடாத குறையாகத் தாங்கினால் அதுவும் இன்னொரு விதத்தில் "உன்னால் முடியாது" என்று சொல்வதுதான்.

"யோகா பண்ணு, வாக்கிங் போ" என்று பொதுவாகச் சொல்வது எனக்குப் பிடிக்காத அறிவுரை. எழ முடியாதவரிடம் மலை ஏறச் சொல்வது போல. சின்னதாக, நேரம் குறித்து, கூட ஒரு ஆளோடு: ஆறரைக்கு உங்களோடு பால் வாங்கப் போவது. வந்ததும் அவரே காபி போடுவது. அது ஒரு வாரம் நடந்தால் அடுத்தது. மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் வராது. செய்யச் செய்யத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வரும். செய்ததற்குக் கைதட்ட வேண்டாம், அவருக்கு 24 வயது. பழைய வேலைக்கே நேராகத் திரும்புவதைவிட, சில மணி நேர வேலையோ படிப்போ முதலில். எதிர்வீட்டு விஷயத்தைப் பற்றி என்றாவது அவர் பேச்செடுத்தால் "அதெல்லாம் மறந்துடு" என்று சொல்லாமல் கேளுங்கள். அவர் விரும்பினால் நீங்கள் கூட நின்று எதிர்வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை பேசலாம். "உடம்பு சரியில்லாம இருந்தப்ப கத்திட்டேன், மன்னிச்சிடுங்க." இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு வாசலுக்கு வரத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடம் போகும்போது "ஒரே டல்லா இருக்கான்" என்று மட்டும் சொன்னால் அவரால் அதிகம் செய்ய முடியாது. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்கு விழிக்கிறார், காலை மோசமா மாலை மோசமா, கை வீசி நடக்கிறாரா, உட்கார முடியாமல் தவிக்கிறாரா, எடை எவ்வளவு ஏறியது, அவர் வாயால் சொன்ன வாக்கியங்கள் அப்படியே. இந்தச் சோர்வு எப்போது தொடங்கியது, அதற்கு முன் மருந்து எதுவும் மாறியதா என்பதையும். தேதி இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றால் முன்னதாகவே போங்கள்.

பாட்டி விஷயம். கல்யாணம் மருந்து கிடையாது, இப்போது அதற்கான நேரமும் இல்லை. இந்த நோய் உள்ளவர்கள் கல்யாணமே செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. மெட்ராஸ் ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பத்து வருட முடிவில் திருமணமானவர்கள், அந்தத் திருமணங்களில் பெரும்பாலானவை நிலைத்தும் இருந்தன. ஆனால் மறைத்துச் செய்யும் கல்யாணங்கள் எப்படிப் போகின்றன என்று எனக்குத் தெரியும். புது மனைவிக்குத் தெரியக் கூடாதே என்று முதல் வாரமே மாத்திரையை ஒளித்துவைப்பார், பிறகு விட்டுவிடுவார், மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரி. அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம் தனி. இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற சம்மதம் என்று அவர் திருமணத்தையே ரத்து செய்யக் கேட்கவும் முடியும். தம்பி தேறி, ஒரு வேலையில் நின்று, அவராக விரும்பினால், பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம். இதை நீங்கள் சொன்னால் பாட்டியிடம் எடுபடாது. அடுத்த ஓபிக்கு அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.